கோப்பையின் அடியில் மண்டி

அத்தியாயம் 4

"பத்தே நிமிஷம் மேடம். எதையும் தொடக் கூடாது. உங்க முகத்துக்காகத்தான் இன்ஸ்பெக்டர் சரின்னார்," என்றபடி பூட்டைத் திறந்தாள் ஏட்டம்மா ரத்தினபாய்.

"கவலைப்படாதீங்கம்மா. எங்க மேடம் கண்ணாலதான் தொடுவாங்க. நான் அதுகூட மாட்டேன், எனக்குக் கண்ல புரை," என்றார் தோத்தாத்ரி.

ரத்தினபாய் சிரிக்கவில்லை. மாளவிகாவும் சிரிக்கவில்லை. காலையில் தான் கொடுத்த வாக்கு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மாளவிகாவுக்கு முப்பத்தெட்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைத் தோண்டிக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்து ஏழு வருஷமாகிறது. தோத்தாத்ரி அவளுடைய உதவியாளர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயரானவர். வயது அறுபத்தொன்று, வாய்க்கு மட்டும் இருபது.

பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்தபடி இருந்த இந்த வீட்டில்தான், நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படிக்குக் கீழே தயாளன் இறந்துகிடந்தார். முப்பது வருஷம் கப்பல்களில் ஸ்டூவர்டாக இருந்தவர். கேப்டன் மேஜைக்கு என்ன சாப்பாடு, அதற்கு எந்த மது என்று தீர்மானிக்கிற உத்தியோகம். கால் தவறி விழுந்திருப்பார் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவருடைய சட்டையில் இரண்டு பொத்தான்கள் பிய்ந்திருந்தன. அது போதாதென்று, எதிர்வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, தயாளனின் மகள் கிறிஸ்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே தெருவில் போனதை அவர் பார்த்திருந்தார்.

கிறிஸ்டி ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் பேச்சை மீறி ஷ்யாம்சுந்தரைக் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றோடு அப்பா வீட்டு வாசல் அடைபட்டுவிட்டது. இன்று காலையிலிருந்து அவள் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள். காட்டாங்குளத்தூரில் கல்லூரி வாத்தியாராக இருக்கும் ஷ்யாம்சுந்தர், செருப்பைக்கூடக் கழற்றாமல் மாளவிகாவின் அலுவலகத்துக்குள் ஓடி வந்தான்.

"வியாழக்கிழமை அவ அப்பாவே போன் பண்ணினார் மேடம். ஒரு நிமிஷம்கூட இருக்காது. சனிக்கிழமை ஆறு மணிக்கு வான்னாராம். அவ போய் பெல் அடிச்சிருக்கா. திறக்கலை. மனசு மாறிட்டார்னு நினைச்சுத் திரும்பிட்டா. இதை யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள அரெஸ்ட்னு சொல்றாங்க."

"உங்க மனைவிக்கு ஒண்ணும் ஆகாது," என்று மாளவிகா சொல்லிவிட்டாள். இந்த ஏழு வருஷத்தில் எந்தக் கட்சிக்காரருக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

கூடத்து மேஜை சனிக்கிழமை சாயங்காலத்திலேயே நின்றுவிட்டது போலிருந்தது. காலியான ஒரு பழைய ஒயின் பாட்டில், அதற்குள்ளே உடைந்த கார்க். இரண்டு உயரமான கண்ணாடிக் கோப்பைகள்; இரண்டிலும் கால்வாசி மது மிச்சம். அவற்றுக்கு அடியில் கஷாயத்தின் அடியில் தங்குவது போலக் கறுஞ்சிவப்பாக மண்டி. கார்க் தூள்களும் மிதந்தன. சற்றுத் தள்ளி ஒரு கண்ணாடி ஜாடி. அதன் வாயில் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் செருகியிருந்தது. பக்கத்தில் பித்தளைத் தாங்கியில் திரி வெள்ளையாக ஒரு மெழுகுவர்த்தி. அதற்குப் பக்கத்தில் சீப்புக்கு இரண்டே பல் வைத்தது போல ஏதோ ஒரு கருவி, தோல் உறையை விட்டு வெளியே வராமலே கிடந்தது.

"காலையில போன்ல ஃபிரெடி என்ன சொன்னான்? மறுபடியும் படிங்க சார்," என்றாள் மாளவிகா.

ஃபிரெடி தயாளனின் அக்கா மகன். பம்மலில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறான். ஆறு வருஷமாகத் தயாளனுக்கு மருந்து வாங்கித் தருவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போவது எல்லாம் அவன்தான்.

தோத்தாத்ரி நோட்டைப் பிரித்தார். "சனிக்கிழமை நாலு மணிக்கு சும்மா எட்டிப் பார்த்தானாம். மாமா திடீர்னு உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்துட்டு வந்தாராம். 'என் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்தது, அவதான் என்னை மதிக்கலையே, நாம குடிச்சுத் தீர்ப்போம்டா'ன்னு தன் கையாலேயே திறந்து ஊத்தினாராம். ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சாங்களாம். அஞ்சு மணிக்கு இவன் கிளம்பிட்டானாம். மாமா வாசல் வரைக்கும் வந்து டாட்டா காட்டினாராம்." நோட்டை மூடினார். "முப்பத்தாறு வருஷம் வண்டியில ஏறி இறங்கினவன் மேடம் நான். டிக்கெட் வச்சிருக்கறவன் பேசாம நீட்டிடுவான். இல்லாதவன்தான் தாத்தா பிறந்த ஊர்லேருந்து ஆரம்பிப்பான்."

"விவரமா பேசறது குத்தமில்லையே சார்."

சமையலறை மூலையில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ் இருந்தது. ரத்தினபாய் கைக்குட்டையால் பிடித்து அதைத் திறந்து காட்டினாள். உள்ளே காய்கறி இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை. பலகையில் ஒரு பாட்டில் படுக்கிற அளவுக்குக் குழி வெட்டியிருந்தது. சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டர் பதினான்கு காட்டியது. குளிர் கூட்டும் திருகு அசையாதபடி டேப் போட்டிருந்தார் தயாளன்.

"பாட்டிலுக்கு லோயர் பர்த், அதுவும் ஏசி கோச்," என்றார் தோத்தாத்ரி. "நான் சீனியர் சிட்டிசன், எனக்கு இன்னும் அப்பர்தான் கிடைக்குது."

ஃபிரிட்ஜின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. சாய்வில்லாத, நிதானமான கையெழுத்து. கடைசி வரியை மாளவிகா குனிந்து படித்தாள்.

'வியாழன். கிறிஸ்டியின் பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். சனி மாலை ஆறு.'

அது கிறிஸ்டி பிறந்த வருஷத்துப் பாட்டில் என்று ஷ்யாம்சுந்தர் சொல்லியிருந்தான். மகள் பிறந்த வருஷத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, முப்பது வருஷம் படுக்க வைத்துக் காப்பாற்றிய பாட்டிலை, அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் எழுப்பி வைத்திருக்கிறார். கோபத்தில் திடீரென்று எடுத்துவந்தார் என்பது பொய்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் லக்ஷ்மிநாராயணனுக்குப் போன் போட்டு, மூச்சுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. எனக்குக் குறைஞ்சது அதுதான்."

"என்ன சார்?"

"பொண்ணுக்காகவே எடுத்து வச்ச பாட்டில். ஃபிரெடி வந்ததும் பெரியவர் மனசு மாறி அவனுக்கு ஊத்திட்டார். பொண்ணு ஆறு மணிக்கு வந்து பார்க்கறா, தனக்கு வச்சதை வேற யாரோ குடிச்சிருக்காங்க. ஆறு வருஷக் கோபம். வாய்ச்சண்டை, தள்ளுமுள்ளு. காரணம் என்னன்னு மேலதிகாரி கேட்டுக்கிட்டே இருந்தார். நோட்டைப் பத்திரமா எடுத்துக்கறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. மாளவிகா ஏரிக்கரைக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிறிஸ்டியைக் காப்பாற்ற வந்தவள், கிறிஸ்டியின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்துவிட்டாள். ஷ்யாம்சுந்தரின் மிஸ்டு கால் மூன்று இருந்தது. அவனுக்கு என்ன சொல்வது?

தோத்தாத்ரி இந்த முறை ஜோக் அடிக்கவில்லை. எதிரே இருந்த கடையிலிருந்து டீ வாங்கிவந்து அவள் கையில் திணித்தார்.

"சார், ஏன் நிமிர்த்தி வைக்கணும்?" என்றாள் அவள் திடீரென்று.

"எதை?"

"பாட்டிலை. சனிக்கிழமை திறக்கப்போறதை வியாழக்கிழமையே ஏன் நிமிர்த்தணும்? நாம ஏன்னே கேக்கலையே."

கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த தொலைபேசிப் பட்டியலைத் தோத்தாத்ரி தன் போனில் படம் பிடித்திருந்தார். அதில் முதல் பெயர், 'லாசரஸ், கப்பல், சேலையூர்.' மாளவிகா கூப்பிட்டாள். இருமலோடு ஒரு முதிய குரல் வந்தது. தயாளன் பெயரைக் கேட்டதும் அந்தக் குரல் உடைந்து, கொஞ்ச நேரத்தில் தேறியது.

"அந்தப் பாட்டில் வாங்கினப்போ நான் கூட இருந்தேம்மா. வருஷக்கணக்கா வைக்கணும்னா படுக்க வச்சாதான் கார்க் ஈரமா இருக்கும். நிக்க வச்சா காஞ்சு சுருங்கிடும், காத்து உள்ள பூந்து சரக்கு புளிச்சுப்போகும்."

"அப்புறம் ஏன் அங்கிள் நிமிர்த்தி வைக்கணும்?"

"பழைய சிவப்பு ஒயின்ல மண்டி சேரும்மா. படுத்திருக்கறப்போ அது பாட்டிலோட பக்கவாட்டுல ஒட்டிக்கும். ரெண்டு நாள் ஆடாம நிக்க வச்சா எல்லாம் கீழ இறங்கிடும். அப்புறம் அலுங்காமத் திறந்து, ஜாடியில மெல்ல ஊத்தணும். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடணும். கடைசி ரெண்டு விரக்கடை பாட்டில்லயே கிடக்கும். தயாளன் ஊத்தினா கிளாஸ்ல ஒரு பொட்டு மண்டி இருக்காது. கேப்டனே அவன் கையைப் பார்த்துட்டு நிப்பார்."

மாளவிகாவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. "மண்டி கழுத்துக்கு வந்தது எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே மெழுகுவர்த்தி! பாட்டில் கழுத்துக்குப் பின்னால ஏத்தி வச்சுக்கிட்டு ஊத்துவோம். புகை மாதிரி வர்றது பளிச்சுன்னு தெரியும்."

"ரெண்டு பல்லு வச்ச ஒரு கருவி..."

"பழைய கார்க்குக்கு அதான். திருகு போட்டா உதிர்ந்துடும். அந்த ரெண்டு தகட்டையும் ரெண்டு பக்கமும் இறக்கி, ஆட்டி ஆட்டி எடுக்கணும். தயாளன் உசிர் மாதிரி வச்சிருப்பான் அதை."

மாளவிகா போனை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தோத்தாத்ரி ஆட்டோவுக்குக் கை நீட்டினார்.

"பம்மலுக்கா மேடம்?"

"பம்மலுக்குத்தான். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுட்டு, கட் பண்ணாம உங்க சட்டைப் பையிலயே வச்சுக்குங்க."

பட்டறையில் தோல் வாடையும் பசை வாடையும் கலந்து மூக்கைத் துளைத்தன. மூன்று தையல் மெஷின்களும் ஓயவில்லை. மாமா செத்த இரண்டாம் நாள் பட்டறை திறந்திருந்தது மாளவிகாவுக்கு உறுத்தியது. ஆனால் ஃபிரெடியின் கண்கள் வீங்கியிருந்தன. அது நடிப்பில்லை. அழுதவன்தான். அதுவே அவளை இன்னும் கலக்கியது.

"இன்னா மேடம், திரும்பவுமா? எல்லாத்தையும் போலீஸ்ல சொல்லிட்டேனே," என்றான்.

"ஒரு ரெண்டு விஷயம்தான் ஃபிரெடி. மாமா பாட்டிலை எப்படித் திறந்தார்?"

"எப்பிடின்னா... திருகு போட்டுத்தான். ஒரே இழுப்பு, டப்புன்னு வந்துச்சு."

"மேஜையில ஒரு கண்ணாடி ஜாடி இருந்துதே?"

"அது தண்ணிக்கு மேடம். நடுநடுவுல தண்ணி குடிச்சிக்கினோம்."

"மெழுகுவர்த்தி?"

அரைக்கணம்தான் தயங்கினான். "கரண்ட்டு போச்சு. மாமாதான் ஏத்தினாரு. அந்த வெளிச்சத்துல ரெண்டு பேரும் பேசிக்கினே குடிச்சோம். அதெல்லாம் மறக்கவே முடியாது மேடம்."

"நாலு மணிக்கு," என்றார் தோத்தாத்ரி. "மேற்கு பார்த்த ஜன்னல். ஏரி மேல அடிக்கிற வெயில் நேரா கூடத்துல விழும். அந்த வெளிச்சம் பத்தலையாப்பா உங்களுக்கு?"

மாளவிகா குரலை உயர்த்தவில்லை. "அந்த மெழுகுவர்த்தியோட திரி வெள்ளையா இருக்கு ஃபிரெடி. யாரும் ஒரு தடவைகூட அதை ஏத்தினதில்லை. ஜாடி வாயில வச்ச துணி மடிப்புக் கலையலை, உள்ள ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை. அது தண்ணிக்கு வச்சதுமில்லை. பாட்டிலைத் திறக்கறதுக்கும் ஊத்தறதுக்கும் வேண்டிய எல்லாத்தையும் மாமா வரிசையா எடுத்து வச்சிருந்தார். அதுல ஒண்ணைக்கூட யாரும் தொடலை. கார்க்கை எதையோ விட்டுக் குத்திப் பாட்டிலுக்குள்ள தள்ளியிருக்காங்க. ரெண்டு கோப்பையிலயும் மண்டி. முப்பது வருஷம் இதையே தொழிலா செஞ்ச மனுஷன், தன் வாழ்க்கையிலேயே முக்கியமான பாட்டிலை அப்படி ஊத்துவாரா?"

ஃபிரெடி மெஷின்காரர்களைப் பார்த்தான். ஒவ்வொரு மெஷினாக நின்றது.

"அதை ஊத்தினது மாமா இல்லை. அவரால ஊத்த முடியாத நிலைமையில யாரோ ஊத்தியிருக்காங்க. மாமா தன் கையால ஊத்தினார்னு சொன்ன ஒரே ஆள் நீதான்."

ஃபிரெடி ஒரு தோல் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தான்.

"அவ இருந்த வரைக்கும் அந்த வூட்டுல நான் எடுபிடி மேடம். 'டேய், கிறிஸ்டிக்கு அதை வாங்கினு வா, இதை வாங்கினு வா.' அவ போனப்புறம்தான் மாமா என்னை மவனேன்னு கூப்பிட்டாரு. ஆறு வருஷம்." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மாமாவுக்குக் குடுக்கச் சொல்லி அவ லெட்டரெல்லாம் என்கிட்ட குடுப்பா. கிறிஸ்மஸ் கார்டு, கொழந்தை போட்டோ. நான் ஒண்ணுகூடக் குடுக்கலை. அவளாண்ட, மாமா கிழிச்சிப் போட்டார்னு சொன்னேன். மாமாவாண்ட, அவ உன்னை மறந்துட்டான்னு சொன்னேன்."

"வியாழக்கிழமை போன்ல அது தெரிஞ்சுபோச்சு."

"அனுப்பினதையெல்லாம் ஏம்ப்பா கிழிச்சீங்கன்னு கேட்டுட்டா. சனிக்கிழமை நான் போனப்போ மாமா மாடிப்படி மேல நின்னுகினு இருந்தாரு. 'லெட்டருங்க எங்கடா, இனிமே இந்த வாசப்படி ஏறாதே'ன்னாரு. கால்ல விழுந்தேன் மேடம், சத்தியமா விழுந்தேன். ஒதறிட்டுத் திரும்பினாரு. சட்டையைப் புடிச்சேன். தள்ளணும்னு நெனைக்கலை..."

"அப்புறம் ஏன் ஊத்தினே?"

"தெருமுனையில என் வண்டி நின்னதை இஸ்திரிக்காரர் பார்த்துட்டாரு. வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. சந்தோஷமா ஒக்காந்து குடிச்சோம்னு சொன்னா, சண்டைன்னு யாருக்கும் தோணாதுன்னு... ஸ்க்ரூடிரைவரால குத்தி உள்ள தள்ளினேன். மீதியை சிங்க்குல கொட்டிட்டேன்."

தோத்தாத்ரியின் சட்டைப் பைக்குள்ளிருந்து யாரோ இருமும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்தது என்று மாளவிகா திரும்பினாள். ஃபிரெடி தலை நிமிராமலே தொடர்ந்தான்.

"பெல் அடிச்சப்போ நான் உள்ளதான் இருந்தேன் மேடம். மாமாவுக்கு அப்ப உசுரு இருந்துச்சு. பெல் சத்தம் கேட்டதும் கண்ணைத் தெறந்தாரு. 'கிறிஸ்டி'ன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. சத்தமா வரலை. நான் கதவைத் தாப்பா போடவே இல்லை. சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. அவ லேசா தள்ளியிருந்தா தெறந்திருக்கும். தள்ளிடுவாளோன்னு மூச்சைப் புடிச்சிக்கினு நின்னேன். மூணு பெல் அடிச்சா. அப்புறம் செருப்புச் சத்தம் போயிடுச்சு."

தோத்தாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தரை மணிக்கு ஸ்டேஷன் வராந்தாவுக்குக் கிறிஸ்டி வெளியே வந்தாள். ஷ்யாம்சுந்தர் அவள் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். நடந்ததை மாளவிகா சொன்னாள். கடிதங்கள், மாடிப்படி, இரண்டு நாள் நின்றுகொண்டிருந்த பாட்டில். எல்லாவற்றையும் கிறிஸ்டி ஆடாமல் அசையாமல் கேட்டாள்.

"நான் பெல் அடிச்சப்போ அப்பா..."

"போயிட்டார்," என்றாள் மாளவிகா.

"கதவு? உள்ள பூட்டியிருந்துதா? நான் தள்ளிப் பார்க்கவே இல்லை. அப்பா தானா வந்து திறக்கணும்னு ஒரு வீம்பு. அதான் கேக்கறேன்."

"பூட்டியிருந்தது."

சொல்லிவிட்டு மாளவிகா படியிறங்கினாள். தோத்தாத்ரி பின்னாலேயே வந்தார். கேட் பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"வாக்குமூலத்துல எழுதிட்டாங்க மேடம்," என்றார் மெதுவாக. "இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ, கோர்ட்டுல யாராவது சத்தம் போட்டுப் படிப்பாங்க. அவங்க அங்க தனியா நின்னு கேக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். அதனாலதான் நடக்கவே மாட்டேங்கறீங்க."

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பொய் சொன்னவர்களைப் பிடித்தே பிழைத்தவள் அவள். இன்று தானே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள், அதையும் ஏமாற்றவே கூடாத ஒருத்தியிடம். மாளவிகா திரும்பி நடந்தாள். பெஞ்சில் கிறிஸ்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிறிஸ்டி, நான் ரெண்டு பொய் சொன்னேன். கதவு பூட்டலை. நீங்க பெல் அடிச்சப்போ அப்பா உயிரோட இருந்தார். நீங்கதான் வந்திருக்கீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுது. உங்க பேரைச் சொன்னார்."

ஷ்யாம்சுந்தர் பதறி எழுந்தான். "மேடம், இதை ஏன் இப்போ..."

கிறிஸ்டி அவனைக் கையமர்த்தினாள். அவள் அழவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் விளக்கு போட்டார்கள். அப்போதும் அவள் பார்வை நகரவில்லை.

கடைசியில், "என்ன சொன்னார்னு சொன்னீங்க?" என்றாள்.

"உங்க பேரை."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"அப்பா மாதிரியே சொல்லுங்க மேடம். எப்படிச் சொல்லியிருப்பார்?"

தயாளனின் குரலை மாளவிகா கேட்டதே இல்லை. இருந்தாலும் சொன்னாள். முதல் தடவை குரல் கம்மியது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. கிறிஸ்டி கண்ணை மூடிக்கொண்டு, "என்னப்பா," என்றாள்.